வெளிநாட்டுப் பயணத்தில் கைபேசி: எண்ணையும் டேட்டாவையும் பிரித்து வைத்துக்கொள்வது எப்படி

வெளிநாட்டில் கைபேசி நமக்கு இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. வங்கியும் பிற நிறுவனங்களும் நம்மை அடையாளம் காண்பதற்கான எண்ணாக இருப்பது ஒரு வேலை. வரைபடம், செய்தி, முன்பதிவு ஆகியவற்றுக்கு இணையம் தருவது மற்றொரு வேலை. இரண்டையும் ஒரே சிம்மில் நடத்த முயல்வதால்தான் எதிர்பாராத கட்டணமும், ஓடிபி வராத தவிப்பும் ஏற்படுகின்றன. ஓரிரு நாள் பயணம் என்றால் உங்கள் சிம் நிறுவனம் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் தரும் ரோமிங் பேக் ஒன்றே போதும். அதற்கு மேல் தங்குபவர்கள் சொந்த எண்ணைக் குறுஞ்செய்தி பெறுவதற்கு மட்டும் இயங்கவிட்டு, டேட்டாவை வேறொரு சிம்மிலோ, அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே நிறுவப்படும் இ-சிம்மிலோ வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கான வேலைகளில் பெரும்பகுதியைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் கைபேசி வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்குமா என்று பாருங்கள். தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய கைபேசிகள் சில, விற்ற நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். வேறொருவரின் சிம்மைச் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். செல்லும் நாட்டின் அலைவரிசைகளைக் கைபேசி ஆதரிக்கிறதா என்பதையும், 4ஜி வழியே பேச உதவும் வோல்ட்இ வசதி அதில் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இலும், ஆஸ்திரேலிய நிறுவனங்கள் 2024-இலும் 3ஜி சேவையை நிறுத்தி முடித்தன. அப்படிப்பட்ட நாடுகளில் பழைய கைபேசியில் இணையம் ஓடினாலும் குரல் அழைப்பு போகாமல் இருக்கக்கூடும். சில நாடுகளில் கைபேசியையே பதிவு செய்ய வேண்டியிருக்கும். துருக்கியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கைபேசியை உள்ளூர் சிம்முடன் பதிவில்லாமல் 120 நாட்கள் வரைதான் பயன்படுத்த முடியும்.

அடுத்தது சொந்த எண். சர்வதேச ரோமிங் வசதியை உங்கள் கணக்கில் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள். அயல்நாட்டில் இறங்கிய பின் இயக்க முயன்றால், அதற்கே ஒரு ஓடிபி தேவைப்பட்டு, அந்த ஓடிபி வந்து சேராத நிலை உண்டாகலாம். ப்ரீபெய்ட் எண்ணாக இருந்தால், திரும்பி வரும் நாளைத் தாண்டியும் செல்லுபடிக் காலம் இருக்கும்படி ரீசார்ஜ் செய்துகொள்ளுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை; ஆனாலும் உங்கள் திட்டத்தின் விவரத்தைப் படித்துப் பார்க்காமல் இதை நம்பிவிடக் கூடாது. தினசரி ரோமிங் பேக் வாங்குபவர்கள் ஒரு நாள் என்பது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, அல்லது நள்ளிரவோடு முடிகிறதா, அப்படியானால் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

டேட்டாவுக்கு இ-சிம் வசதியானது. உங்கள் கைபேசி அதை ஏற்குமா என்பதை *#06# என்று அழுத்திப் பார்க்கலாம், திரையில் கைபேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணுடன் ஈ.ஐ.டி. என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் பொதுவாக இ-சிம் வசதி இருக்கிறது என்று பொருள். இ-சிம்மை நிறுவ இணையம் தேவை என்பதால், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். செல்லுபடிக் காலம் நிறுவிய நொடியிலிருந்து தொடங்குகிறதா, அந்நாட்டு நெட்வொர்க்கோடு இணைந்த பிறகு தொடங்குகிறதா என்பதை வாங்கும் முன் படித்துவிட வேண்டும். பல இ-சிம்களின் கியூஆர் குறியீடு ஒருமுறைதான் வேலை செய்யும். ஆகவே இணையம் வரவில்லையே என்று அவசரப்பட்டு இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். இணையம் வராததற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. பயணிகளுக்கு விற்கப்படும் பல இ-சிம்கள் மூன்றாவது நாடொன்றின் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. செல்லும் நாட்டில் அவையும் ரோமிங்கில்தான் இயங்குகின்றன. ஆகவே இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை இயக்கவும், சொந்த சிம்முக்கு அதை அணைக்கவும் வேண்டும். பலர் இரண்டையும் சேர்த்து அணைத்துவிட்டு, இ-சிம் பழுது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதியையும் கட்டாயம் அணைத்து வையுங்கள். அது இயங்கினால் இவ்வளவு ஏற்பாடும் வீணாகிவிடும்.

உள்ளூர் சிம் வாங்க விரும்பினால் பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பல நாடுகளுக்குச் செல்பவர்களுக்கு அது லாபமானது: 2017 ஜூன் 15 முதல் ஓர் உறுப்பு நாட்டின் சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில், நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து இந்த விதிக்குள் வராது என்பதால் அந்த எல்லையைத் தாண்டும்போது கவனம் தேவை.

கட்டணம் கசியும் இடங்களில் பலர் அறியாதது, எடுக்காத அழைப்பில் அழைத்தவரின் பேச்சைப் பதிவு செய்து வைக்கும் வாய்ஸ் மெயில். ரோமிங்கில் இருக்கும் உங்கள் கைபேசிக்கு வந்த அழைப்பை நீங்கள் எடுக்காவிட்டால், அது வெளிநாட்டிலிருந்து மீண்டும் சொந்த நாட்டு வாய்ஸ் மெயிலுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிச் சென்றதற்கு ஒரு கட்டணம் என்று, பேசாத அழைப்புக்கே இருமுறை பணம் போகும். புறப்படும் முன் ##002# என்று டயல் செய்து எல்லா அழைப்புத் திருப்பல்களையும் நீக்கிவிடலாம். விமானம், கப்பல் ஆகியவற்றில் செயற்கைக்கோள் வழியே இயங்கும் தனி நெட்வொர்க்குகள் உண்டு. அவை பெரும்பாலான ரோமிங் பேக்குகளில் அடங்குவதில்லை, கட்டணமும் மிக அதிகம். ஆகவே கப்பலில் ஏறியதும் ஃபிளைட் மோடை இயக்கிவிடுங்கள். நாட்டு எல்லையோரங்களில் கைபேசி பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், அங்கே நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதை நிறுத்தி நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது. புகைப்படக் காப்பு, செயலிகளின் புதுப்பிப்பு, வாட்ஸ்அப் படங்களின் தானியங்கிப் பதிவிறக்கம் ஆகியவை வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றிவிட்டால், வாங்கிய டேட்டா நெடுநாள் வரும்.

சிம்மை மாற்றினால் வாட்ஸ்அப் எண்ணையும் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை; எண்ணை மாற்றட்டுமா என்று செயலி கேட்டால் மறுத்துவிடுங்கள், பழைய எண்ணிலேயே அது தொடரும். தொடர்பு எண்களை எல்லாம் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு ஆகியவற்றோடு சேமித்துக்கொண்டால் எங்கிருந்தும் அழைக்கலாம். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. மற்ற நாடுகளுக்கு அந்தந்த எண்ணை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

கூகுள், வாட்ஸ்அப் போன்றவை தடுக்கப்பட்டிருக்கும் சீனாவுக்குச் செல்பவர்களுக்கு ஒரு நுட்பம் உதவும். ரோமிங் டேட்டா பெரும்பாலும் சிம் கொடுத்த நாட்டின் வழியாகவே இணையத்துக்குச் செல்வதால், வெளிநாட்டு சிம்மில் அவை பொதுவாக இயங்கும். உள்ளூர் சிம்மிலும் விடுதி வைஃபையிலும் இயங்காது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக சிக்னல் பெறுவதால், வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருந்தால் இணையம் இல்லாமலும் வழி தெரியும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, 20,000 எம்ஏஎச் கொண்டது ஏறக்குறைய 74 வாட்-மணி. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும்.

கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்பதைக் கைபேசிக்கு வெளியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண், சிம் நிறுவனத்தையும் வங்கியையும் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான எண்கள், மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். சிம்முக்கு ‘பின்’ (PIN) எனப்படும் ரகசிய எண் போட்டிருந்தால், திருடியவர் அதை வேறு கைபேசியில் செருகி உங்கள் ஓடிபியைப் பெற முடியாது. தொலைந்ததும் வேறொரு கருவியிலிருந்து கைபேசியைப் பூட்டி, பிறகு சிம்மை முடக்கச் சொல்லி, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஊர் திரும்பியதும் டேட்டாவைச் சொந்த சிம்முக்கு மாற்றி, வாய்ஸ் மெயிலை வேண்டுமானால் மீண்டும் இயக்கி, ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பயன்பாட்டுக் கணக்கு தாமதமாகவும் வரலாம் என்பதால், அந்த மாத பில்லோடு நிறுத்தாமல் அடுத்த மாத பில்லையும் வரிவரியாகப் பார்ப்பது அவசியம்.