'விலக்கு' என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

கூடாதது ஒன்றைச் சுட்டத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்களுள் 'விலக்கு' ஒன்று. அறமாவது விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று திருக்குறள் உரையின் தொடக்கத்தில் பரிமேலழகர் எழுதும்போது, செய்யலாகாதவை என்று நூல்கள் ஒதுக்கியவற்றையே 'விலக்கியன' என்கிறார். ஆனால் மதுவிலக்கு என்றால் மது கூடாது என்றும், வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டியதில்லை என்றும் பொருள்படுவதால், எழுதுவோர் பலர் தடுமாறுகிறார்கள்.

'விலகு' என்ற தன்வினைக்குப் பிறவினையே 'விலக்கு' என்பதை மனத்தில் கொண்டு, விலகுவது எது என்று கேட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். 1937இல் இராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, மக்களிடமிருந்து விலக்கப்பட்டது மது. 'நீட் விலக்கு' என்னும்போதோ, தேர்வு எழுதும் கட்டாயத்திலிருந்து மாணவர் விலக்கப்படுகிறார். தென்மாவட்டப் பேருந்துகளில் நடத்துநர் ஊர்ப்பெயரோடு 'விலக்கு' என்று கூவினால், அங்கே பெருஞ்சாலையிலிருந்து ஊர்ப்பாதை விலகிச் செல்கிறது. வீட்டுவிலக்கில் விலக்கப்பட்டவள் பெண். அதனாலேயே, மாதவிடாய் என்று எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

'அளி' என்ற வினை சேர்ந்துவிட்டால் பொருள் சலுகையின் பக்கமே சாயும். கோயில் வாசலில் 'கைப்பேசிக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது' என்று பலகை வைத்தால், தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம் என்றுதான் பொருள். அங்கு வேண்டிய சொல் 'தடை'. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு வந்தது தடை. அப்போது பால், தயிர், எண்ணெய் உறைகளுக்குக் கிடைத்தது விலக்கு. இரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தடை என்பது அதிகாரமுள்ளவர் பிறர்மீது விதிப்பது. மீறினால் தண்டனை உண்டு. மருந்துண்ணும் நாள்களில் அகத்திக்கீரையை விலக்கச் சொல்லும் சித்த மருத்துவர் அதைத் தடைசெய்வதில்லை. உண்பவர் தாமாகவே அதை ஒதுக்குகிறார். பத்தியம், நோன்பு ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது, ஆகவே, 'தடைசெய்யப்பட்ட உணவு' என்பதைவிட 'விலக்க வேண்டிய உணவு' என்பதே பொருந்தும்.

புணர்ச்சியிலும் சிறு கவனம் வேண்டும். 'விலக்கு' வன்தொடர்க் குற்றியலுகரமாகையால் அடுத்து வரும் வல்லினம் மிகும்: மதுவிலக்குச் சட்டம், விலக்குக் கோரினார், விலக்குப் பெற்றவர்.