எடிட்டிங்கில் போட்டதும் வீடியோவின் வேகம் மாறினால் என்ன செய்வது

"கமராவிலேயே போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் ஓடுது அண்ணை, கொம்பியூட்டரில் போட்டால் மட்டும் பொம்பிளை மாப்பிளை எல்லாரும் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கினம்." கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் புதிதாகக் கமரா தூக்கிய பிள்ளைகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்த கேள்வி, ஸ்பீடை எத்தனை வீதம் கூட்ட வேண்டும் என்பது. இப்போதைக்கு ஸ்பீடில் கை வைக்காதீர்கள். கண்ணளவில் கூட்டிக் குறைத்தால் படம் ஓரளவு சரிவந்த மாதிரி இருக்கும், ஆனால் மேளச் சத்தம் கெட்டுவிடும், அடுத்த கிளிப்பில் அதே பிரச்சினை திரும்ப வரும். வேகம் எங்கே மாறியது என்று முதலில் பிடிக்க வேண்டும்.

வேகம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா, இல்லை லப்டொப் இழுக்க முடியாமல் திணறுகிறதா என்று முதலில் பாருங்கள். எச்.265 என்ற, அதிகம் சுருக்கிப் பதியும் முறையில் எடுத்த 4கே வீடியோவைச் சாதாரண லப்டொப்பில் ஓடவிட்டால் படம் விட்டு விட்டு வரும், பார்க்க மெதுவாக ஓடுவது போலவே இருக்கும். அரை நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி 1080பியில் எக்ஸ்போர்ட் பண்ணி விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அது சரியாக ஓடினால் கிளிப்பில் பிழை இல்லை. பிளேபேக் ரெசலூஷனைப் பாதியாகவோ காலாகவோ குறையுங்கள், போதாவிட்டால் புரொக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு சிறிய பிரதி, செய்து வேலை பாருங்கள். எக்ஸ்போர்ட்டிலும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்றால் கீழே வாசியுங்கள்.

கிளிப்பின் நீளத்தைக் கமராத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு டைம்லைனில், அதாவது மென்பொருளில் கிளிப்புகளை அடுக்கும் இடத்தில், அதே கிளிப் எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு எண்களும் பாதி விடையைச் சொல்லிவிடும். வீடியோ என்பது ஒரு செக்கனுக்கு இத்தனை படம் என்று ஓடுவது, ஒரு படம் ஒரு பிரேம், அந்த எண்ணிக்கைதான் பிரேம் ரேட். 10 நிமிடக் கிளிப் 20 நிமிடமாக வந்தால் 50 பிரேமில் எடுத்ததை மென்பொருள் 25 என்று நினைத்து ஓட்டுகிறது. 12 நிமிடமாக வந்தால் 30ஐ 25 ஆக எடுத்திருக்கிறது. 10 நிமிடம் 25 செக்கன் என்றால் 25ஐ 24 ஆக எடுத்திருக்கிறது. இந்தக் கடைசி வகையைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், நாதஸ்வரத்தின் சுருதி இறங்கிக் கேட்டால் காது பிடித்துவிடும். 8 நிமிடம் 20 செக்கனுக்குச் சுருங்கினால் நேர்மாறு, 25ஐ 30 என்று எடுத்து வேகமாக ஓட்டுகிறது.

50 பிரேம் கிளிப்பை 25 பிரேம் டைம்லைனில் போட்டால் மட்டும் வேகம் மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைத்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். மென்பொருள் ஒன்றுவிட்டு ஒரு பிரேமை விட்டுவிட்டு அதே வேகத்தில் ஓட்டும். வேகம் மாறுவது, கிளிப்பின் பிரேம் ரேட் எது என்பதையே மென்பொருள் பிழையாக எடுத்திருந்தால்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிவி முறை பால் (PAL), அதனால் இங்கே வழக்கம் 25 அல்லது 50 பிரேம். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த கமராவோ என்டிஎஸ்சி (NTSC), அந்தப் பக்கத்து டிவி முறை. 30, 60 என்றுதான் எடுக்கும். ஒரு கலியாண வீட்டில் ஸ்டூடியோக்காரரின் கமரா 25இல், மாமாவின் கமரா 60இல், தங்கச்சியின் ஐபோன் 30இல், மூன்றும் ஒரே டைம்லைனில் வந்து விழும்.

பிரீமியர் புரோவில் திருத்த, புரொஜெக்ட் பெனலில் கிளிப்பின்மேல் ரைட் கிளிக் பண்ணி மொடிஃபை, அதற்குள் இன்டர்பிரெட் ஃபூட்டேஜ் போங்கள். 'யூஸ் பிரேம் ரேட் ஃபுரொம் ஃபைல்' என்பதைத் தெரிவுசெய்தால் ஃபைலில் உள்ள ரேட்டுக்குத் திரும்பிவிடும். யாரோ முன்னர் ஸ்லோ மோஷனுக்காக 'அஸ்யூம் திஸ் பிரேம் ரேட்' இல் 25 என்று அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், பெரும்பாலும் அதுதான். டாவின்சி ரிசோல்வ் என்றால் மீடியா பூலில் கிளிப்பை ரைட் கிளிக் பண்ணி கிளிப் அட்ரிபியூட்ஸ், அங்கே வீடியோ பிரேம் ரேட். ரிசோல்வில் புரொஜெக்டின் டைம்லைன் பிரேம் ரேட்டை வேலை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், கிளிப்புகளை உள்ளே எடுத்த பிறகு அது பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் புதிய டைம்லைன் ஒன்றைத் திறக்கும்போது 'யூஸ் புரொஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு அங்கே மாற்றலாம்.

பழைய ஹன்டிகாம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மெனுவில் 50i என்று இருப்பது 50 பிரேம் அல்ல. ஒரு பிரேமை இரண்டு பாதியாக எடுக்கிறது, ஆக 25 பிரேம்தான். அதை 50 என்று அடித்தால் இரட்டிப்பு வேகத்தில் ஓடும்.

ஸ்பீடைக் கூட்டியே ஆக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சோனியில் எஸ் அன்ட் கியூ (S&Q) என்ற ஸ்லோ மோஷன் மோடில் 100 பிரேமில் எடுத்து 25 ஆகப் பதிந்தால் கமராவே நான்கு மடங்கு மெதுவாக்கித்தான் மெமரி காட்டில் எழுதும், சத்தமும் பதியாது. ஃபைலைப் பார்த்தால் 25 என்றே இருக்கும், இன்டர்பிரெட் பண்ணி ஒன்றும் தேடாதீர்கள், ஸ்பீடை 400 வீதம் போடுங்கள், பழைய வேகம் வந்துவிடும். சத்தத்தை வேறு போனிலோ கமராவிலோ இருந்துதான் எடுக்க வேண்டும்.

இனிப் போன் வீடியோ. அதிகம் தலையிடி தருவது இதுதான். போன்கள் பிரேம் ரேட்டை ஒரே அளவாக வைத்திருப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். வட்டாப்பளைப் பொங்கலில் இரவு எடுத்த வீடியோவோ, விடிய விடிய ஆடிய கோவலன் கூத்தோ, இருட்டும் லைட்டும் மாறி மாறி வருகிற இடத்தில் ரேட்டும் ஏறி இறங்கியபடியே இருக்கும். மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஃபைலைத் திறந்து 'பிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். கொன்ஸ்டன்ட், அதாவது ஒரே அளவு, என்றால் நல்லது, வேரியபிள், அதாவது ஏறி இறங்குவது, என்றால் டைம்லைனில் போட முன்னர் மாற்றிக்கொள்வது நல்லது.

கூத்து வீடியோவில் படமும் சத்தமும் விலகுகிறதா என்று இப்படிப் பார்க்கலாம். கிளிப்பின் தொடக்கத்தில், மத்தளக்காரரின் கை தோலில் படுகிற பிரேமில் நிறுத்தி, சத்தத்தின் அலையில் அந்த அடி எங்கே எழும்புகிறது என்று பாருங்கள். பிறகு கிளிப்பின் கடைசியில் இன்னொரு அடியை அதே மாதிரிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் சத்தத்தை அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். கடைசியில் விலகல் கூடியிருந்தால், நடுவிலும் ஓரிரு அடி பாருங்கள்: சீராகக் கூடிக்கொண்டு போனால் இரண்டு ரேட் கலந்திருக்கிறது, ஒரு இடத்தில் கூடி இன்னொரு இடத்தில் குறைந்தால் அது வேரியபிள். வேறு ரெக்கோடரில் சத்தம் எடுத்திருந்தால் சத்தம் பதிந்த அளவு (சாம்பிள் ரேட்) 44.1ஆ 48 கிலோஹெர்ட்ஸா என்ற பொருத்தத்தையும் பாருங்கள். ஒன்றை மற்றதாக எடுத்தால் ஏறக்குறைய 8, 9 வீதம் நீளம் மாறும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல் ஒரேயடியாகத் தடித்தோ கீச்சிட்டோ கேட்கும்.

வேரியபிளை மாற்ற ஹான்ட்பிரேக் போதும், அதுவும் இலவசம். ஃபைலைத் திறந்து, வீடியோ பகுதியில் பிரேம் ரேட்டுக்கு மீடியாஇன்ஃபோ காட்டிய எண்ணுக்குக் கிட்டியதைப் போடுங்கள், 30இல் எடுத்தது என்றால் 30, 25ஐ அங்கே திணிக்க வேண்டாம். கீழே கொன்ஸ்டன்ட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். குவாலிட்டி ஆர்எஃப் 18 அளவில் இருக்கட்டும், ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை. வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்த பிரதியை இதற்கு எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே நசுங்கியது. வயர் போட்டு ஒரிஜினலை வாங்குங்கள்.

அடுத்த முறைக்கு, எடுக்கப் போகும் முன்னரே எல்லாக் கமராவையும் பால் (PAL) முறைக்கு மாற்றி 25இல் வையுங்கள், ஷட்டர் செக்கனில் 50இல் ஒரு பங்கு. மண்டபத்து டியூப் லைட் துடிப்பதும் இதனால் அடங்கும். சோனியில் பால், என்டிஎஸ்சி மாற்றும்போது மெமரி காட்டை ஃபோர்மட் பண்ணக் கேட்கலாம், உள்ளே இருப்பதை முதலில் கொப்பி பண்ணுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், கமரா, ரெக்கோட் வீடியோ என்று போய் 'ஷோ பால் ஃபோர்மட்ஸ்' ஐப் போட்டால் 25 வரும். அதே இடத்தில் ஓட்டோ எஃப்பிஎஸ் (பிரேம் ரேட்டைப் போனே மாற்றுவது) இருந்தால் நிறுத்திவிடுங்கள். எல்லாக் கமராவும் ஓடத் தொடங்கியதும் ஒருவர் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டட்டும், முடியும்போதும் ஒருமுறை, அந்தத் தட்டலை வைத்து எல்லாக் கமராவையும் பிறகு பொருத்தலாம்.

மாற்றிய ஃபைலைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்து, சத்தம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகும் ஒரிஜினலை அழிக்க வேண்டாம். கலியாணம் என்றால் அல்பம் கொடுக்கும் வரையாவது வையுங்கள். கூத்து என்றால் தனி ஹாட் டிஸ்க் ஒன்றில் போட்டு, ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள், ஆடிய அண்ணாவிமார் பலருக்கு வயது போய்விட்டது.