மெட்டபாலிக் வயது: பட்டினியால் குறையாத எண்

எடை மெஷினில் ஏறியதும் 'மெட்டபாலிக் வயது 47' என்கிறது. ஏறியவருக்கு 38 தான். அன்று ராத்திரியே சாப்பாடு பாதியாகிறது. மெஷின் வாங்கிய புதிதில் பலரும் செய்வது இதைத்தான்.

அசையாமல் படுத்திருந்தாலும் உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரிதான் பி.எம்.ஆர். உங்கள் பி.எம்.ஆர். எந்த வயதினரின் சராசரியோடு ஒத்துப்போகிறதோ, அதுவே மெட்டபாலிக் வயது. வீட்டு மெஷின் பி.எம்.ஆரை அளப்பதே இல்லை. பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தி, அதற்கு வரும் தடையிலிருந்து நீரையும் கொழுப்பையும் ஊகித்து, மிச்சத்தைச் சூத்திரத்தில் போட்டுக்கொள்கிறது.

பட்டினி கிடப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. 70 கிலோ எடை, அதில் 28% கொழுப்பு என்று வையுங்கள். கொழுப்பு நீங்கலான எடை 50.4 கிலோ. பி.எம்.ஆரைக் கணக்கிடும் கேட்ச்–மெக்கார்டில் சூத்திரப்படி 370 + (21.6 × 50.4), அதாவது சுமார் 1459 கலோரி. பட்டினியில் 6 கிலோ குறைந்து, அதில் 3 கிலோ தசையும் நீருமாகப் போனால் 1394. கொழுப்பு மட்டும் 6 கிலோ கரைந்திருந்தால் அந்த 1459 அப்படியே நின்றிருக்கும். பி.எம்.ஆர். குறைந்தால் மெஷின் 'வயதை' ஏற்றிக் காட்டும். எடை இறங்கியும் 'வயது' ஏறுகிறதே என்று பதறி, இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

முதல் வாரக் கணக்கு இன்னும் ஏமாற்றும். மாவுச்சத்தை உடல் சேமித்து வைக்கும் வடிவம் கிளைகோஜன்; அது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை வெட்டியதும் அந்த நீர் வெளியேறுகிறது; மெஷின் அதைத் தசை இழப்பாகக் காட்டும்.

தினமும் 300 முதல் 500 கலோரி மட்டும் குறையுங்கள். வாரம் 2, 3 நாள் எடை தூக்குங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் சாப்பிடலாம்.

கண்ட நேரத்தில் ஏறுவது

காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், வெறுங்காலோடு, வாரம் ஒருமுறை. உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறினால் கிடைப்பது வெறும் எண்.

இரண்டு மெஷின்களை ஒப்பிடுவது

கம்பெனிக்கு ஒரு சூத்திரம். விட்டுவிடுங்கள்.

பேஸ்மேக்கரோடு ஏறுவது

கூடவே கூடாது.

வயதின் மேல் பழி போடுவது

கொழுப்பு நீங்கலான எடையைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை பி.எம்.ஆர். ஏறக்குறைய மாறுவதில்லை என்று 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. நாற்பதில் இறங்கினால் முதலில் தசையைப் பாருங்கள்.

எண் நன்றாக வந்ததும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ரத்தத்தில் உள்ள கொழுப்பு அளவும் இந்த மெஷினுக்குத் தெரியாது.