களிக்குத் தொட்டுக்கொள்ள: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வெளிநாடு வந்தவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு வருபவர்கள் முதல் வாரத்திலேயே இந்திய மளிகைக் கடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சாம்பார்ப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ஆந்திர ஆவக்காய் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஆனால் நம் நாக்கு வளர்ந்தது ராகிக் களியிலும் கொள்ளுக் குழம்பிலும் பேயெள்ளுப் பொடியிலும். அவற்றில் பாதிதான் அந்த அலமாரியில் கிடைக்கும். மீதியை எத்தியோப்பியர், கென்யர், நேபாளியர், தாய்லாந்துக்காரர் நடத்தும் கடைகளில் தேட வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் கடைகள் எங்கே இருக்கின்றன என்று வந்தவுடனே விசாரித்துவையுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியை நம்பிக் காத்திருக்கும் நிலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் ராகி மாவு. களி இல்லாவிட்டால் தொட்டுக்கொள்ளும் எதற்கும் வேலை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றிய பயிர் இது. கென்யாவிலும் உகாண்டாவிலும் இன்றும் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். அவர்கள் கடையில் ‘விம்பி’ மாவு என்று கேளுங்கள். சோளமோ மரவள்ளியோ கலந்த மாவும் விற்பார்கள், உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். நேபாளக் கடையில் இதே ராகிக்குக் ‘கோதோ’ என்று பெயர். ஜப்பானில் நேபாளக் கடைகள் நிறைய இருப்பதால் அங்கே போகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். வட இந்திய நிறுவனத்தின் உறையில் கோதோ என்று இருந்தால் மட்டும் எடுக்க வேண்டாம், அது வரகு. கொள்ளும் நேபாளக் கடையில் ‘கஹத்’ என்ற பெயரில் கிடைக்கும். இந்தியக் கடையில் ‘குல்தி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இனி பேயெள்ளு. சில ஊர்களில் உச்செள்ளு என்பார்கள். மானாவாரி நிலத்தில் மஞ்சள் பூப் பூத்துக் கிடக்குமே, அதேதான். நம் மாவட்டங்களுக்கென்றே பையூர் ஆராய்ச்சி நிலையம் ‘பையூர் 1’ என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. சென்னைக்காரர்களுக்கே சரியாகத் தெரியாத இந்த எள்ளை வெளிநாட்டில் எங்கே போய்த் தேடுவது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இதன் பூர்வீகம் எத்தியோப்பியா. எத்தியோப்பியக் கடைக்குப் போய் ‘நூக்’ என்று கேளுங்கள். கறுத்து மினுமினுக்கும் அதே மெல்லிய விதையைக் கொண்டுவந்து வைப்பார்கள். பறவைத் தீவனக் கடைகளிலும் இந்த விதை மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் களை விதை முளைக்காமலிருக்கத் தீவன விதையைச் சூடேற்றித்தான் இறக்குமதி செய்கிறார்கள். அது மனிதர் உண்பதற்கென்று சுத்தம் செய்யப்பட்டதும் அல்ல.

பொடி செய்யும்போது அடுப்பைச் சிறு தீயில் வைத்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுக்க வேண்டும். கறுப்பு விதை என்பதால் நிறம் பார்த்துப் பக்குவம் சொல்ல முடியாது. படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கத் தொடங்கி, எண்ணெய் வாசம் எழும்பியதும் இறக்கிவிடுங்கள்; இன்னும் அரை நிமிடம் விட்டால் கசந்துவிடும். காய்ந்த மிளகாய், தோலோடு பூண்டு, ஒரு துண்டுப் புளி, உப்பு சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். மெக்சிகோக் கடையில் ‘ஆர்போல்’ என்று விற்கும் நீள மிளகாய் இதற்கு நல்ல காரம் தருகிறது. கொரிய மிளகாய்த் தூள் நிறம் மட்டும்தான் தரும்.

புளியில் நம் ஆட்களுக்கு இருக்கும் பிடிவாதம் எனக்கும் உண்டு. அஞ்செட்டி, உரிகம் பக்கத்துப் புளியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு வேறு புளி இறங்காது. ஆனாலும் தாய்லாந்துப் புளிக்கட்டி மோசமில்லை. நாரும் கொட்டையும் குறைவு, லேசான இனிப்பு உண்டு. குழம்பில் வெல்லம் போடும் பழக்கமிருந்தால் அதை நிறுத்திவிட்டு, புளியைச் சற்றுக் கூடுதலாகக் கரையுங்கள். முற்றிலும் கறுத்த கட்டியைவிடப் பழுப்புச் சிவப்பில் இருப்பதை எடுங்கள். ரசத்துக்கு அதுதான் சரி. அதே கடையில் அட்டைப்பெட்டியில் முழுக் காயாக அடுக்கிவைத்திருப்பது இனிப்புப் புளி. குழந்தைகள் தின்னலாம், குழம்புக்கு உதவாது. பாட்டிலில் வரும் கறுப்புப் புளிச்சாறு காய்ச்சி வற்றவைத்தது. அவசரத்துக்குக் கால் ஸ்பூன் போதும், அதற்குமேல் போட்டால் குழம்பே கறுத்து காய்ந்து தீய்ந்த வாடை வரும்.

மாங்காய்க்கு வருவோம். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் டப்பாக்களில் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது, ஆனால் ஊறுகாய்க்கு ஏற்ற பெங்களூரா காயைப் பார்ப்பது அரிது. வியட்நாமியர், சீனர் கடைகளில் கிடைக்கும் பச்சை மாங்காயில் புளிப்புக் குறைவு. உப்பில் ஊறவைக்கும்போதே எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் ருபார்ப் தண்டில் தொக்கு செய்து பாருங்கள். தண்டு மட்டும், இலை நஞ்சு. அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் குவியும் கிரான்பெரி பழம் தொக்குக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. கடை ஊறுகாயின் வினிகர் வாடை பிடிக்காவிட்டால், நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு, பெருங்காயம் தாளித்து, ஆறியபின் மேலே ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அந்த எண்ணெய் நம் நல்லெண்ணெயாக இருக்கட்டும். சீன, கொரியக் கடைகளில் பழுப்பாக விற்பது வறுத்த எள்ளின் எண்ணெய். அதை ஊற்றினால் ஊறுகாய் முழுவதும் அந்த வாசம்தான் வீசும்.

கறிவேப்பிலையை வாங்கியதும் கழுவி, ஈரம் போக உலர்த்தி, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். ஐரோப்பிய நர்சரிகளில் ‘கறி’ என்ற பெயரோடு விற்கும் வெள்ளி நிறச் செடி கறிவேப்பிலை அல்ல.

இன்னும் கிளம்பாதவர்களுக்கும், விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்புகிறவர்களுக்கும் பெட்டியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா கையால் அரைத்த குழம்புத் தூளுக்கு எந்த நாட்டுக் கடையிலும் மாற்றுக் கிடையாது, அதற்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும். ஆனால் அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறி மசாலாவில் நம் வீடுகளில் வழக்கமாகச் சேர்ப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சிறு பொட்டலம் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். தனியாக ஒரு கசகசா இல்லாத தூளை அரைத்துத் தரச் சொல்லுங்கள். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோக முடியாது, ஆகவே நெய்யை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மோர் மிளகாயும் தயிரில் ஊறியதுதான், வம்பு வேண்டாம். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையும் மாங்காயும் கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். ஆஸ்திரேலியா செல்பவர்கள் பயணி அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தயங்காமல் ‘ஆம்’ என்று குறித்து, பொடி டப்பாக்களை மேலாக எடுத்து வைத்திருங்கள். சொல்லிவிட்டால், ஆகாததை எடுத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள்; மறைத்தால்தான் அபராதம்.