நாக்கில் உப்பு தெரியக் கூடாது: மாடித் தோட்டத்துக்குக் கடற்பாசி

தங்கை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆடி மாதம் போனால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரை முழுக்கப் பாசி ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கடலை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றில் கொந்தளிப்பது அதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு சாக்கு அள்ளி, பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு, பரமக்குடிக்குக் கொண்டுவந்தேன். வந்த வேகத்தில் பீன்ஸ் தொட்டிகளில் அப்படியே மண்மேல் பரப்பி மூடாக்குப் போட்டேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. போனில் சொன்னதற்குத் தங்கை சிரித்தாள். “உப்பை நாக்குலதான் பார்க்கணும், அக்கா.”

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. பாசியில் ஒட்டி வருவது அதுதான். தென்னை, பீட்ரூட், கீரை ஓரளவு தாங்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது. அதனால் முதல் வேலை அலசுவது.

பெரிய டப்பில் போட்டு, துணி அலசுவது போல மூன்று தண்ணீர் மாற்றுகிறேன். முதல் தண்ணீரில் மணலும் சிப்பியும் வரும், நைலான் வலைத்துண்டு வரும், சில சமயம் பொடி நண்டும் வரும். நைலானை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். கட்டக்கோரை என்கிற பழுப்புப் பாசியில் மிளகு அளவுக்குக் குட்டிக் காற்றுமுட்டைகள் இருக்கும், நசுக்கினால் ‘பட்’டென்று வெடிக்கும். அதற்குள் இருப்பது காற்றுதான், ஆனால் இடுக்கிலெல்லாம் உப்புத் தண்ணீர் நிற்கும் என்பதால் கையால் நன்றாகப் பிசைந்து அலச வேண்டும். கடைசித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். கரித்தால் இன்னொரு தண்ணீர்.

கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். பாறையில் பற்றி வளர்வதைப் பிய்க்காதீர்கள். மீன் குஞ்சுக்கு அதுதான் வீடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கவே கூடாது. கரையில் பச்சை நாடா மாதிரி கிடப்பது கடல்புல். அது மட்க நாளாகும், கம்போஸ்ட் குழிக்குப் போகட்டும்.

கடல் தூரமாக இருப்பவர்கள் உரக்கடையில் கிடைக்கும் பாசிச் சாற்றை வாங்கலாம். மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியைப் பிழிந்தும் சாறு எடுக்கிறார்கள். மளிகைக்கடையில் நோன்பு மாதத்தில் விற்கும் ‘கடல்பாசி’ வேறு. அது பாசியிலிருந்து காய்ச்சி எடுத்த அகர், பாலில் போட்டு இனிப்பு செய்வதற்கு. செடிக்கு வாங்கி ஏமாறாதீர்கள்.

சரி, பாசியை ஊறவைத்து எடுக்கும் கரைசலுக்கு வருவோம். அலசிய பாசி ஒரு கிலோவை நறுக்கி, பத்து லிட்டர் தண்ணீரில் போட்டு, ஒரு கைப்பிடி வெல்லம் சேர்த்து, வாளியைத் துணியால் கட்டிவிடுங்கள். இறுக்கமான மூடி வேண்டாம், வாயு சேரும். தினமும் ஒரு கிளறு. ஐந்தாம் நாள் வரும் நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நான் சொல்லாமல் விட்டு, சாக்கடை அடைத்துவிட்டது என்று ஆள் கூப்பிடப் பார்த்தார்கள். நம் வெயிலுக்கு மூன்று வாரத்தில் தயார். வடிகட்டி, வேருக்கு ஊற்ற ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர், இலையில் தெளிக்க இருபது பங்கு. தெளிப்பது சாயங்காலம்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும்.

மிச்சப் பாசியைக் காயவைத்துப் பொடிக்கிறேன். பத்து கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஒன்றரை கிலோதான் தேறுகிறது. குரோபேக் மண் கலக்கும்போது பைக்கு ஒரு கைப்பிடி.

ஒன்று மட்டும். பாசியில் சாம்பல் சத்து தாராளம், நுண்சத்துகள் உண்டு, வேரைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. தழைச்சத்து கம்மி, மணிச்சத்து அதைவிடக் கம்மி. சாணமும் கடலைப் புண்ணாக்கும்தான் சோறு, பாசி தொட்டுக்கொள்ள. வெறும் பாசியை நம்பி ஒரு சீசன் ஓட்டினேன். கத்தரி வெளிறிப்போய் நின்றது. புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றிய பிறகுதான் தேறியது.

வடிகட்டிய சக்கை கறிவேப்பிலை தொட்டிக்கு. மேலே இரண்டு விரல் மண் போட்டு மூடிவிடுங்கள், ஈ வராது.