ஆர்பிஜி கேரக்டருக்கு ஸ்டாட் அமைப்பது எப்படி? கணக்கும் திரையும் சேர்ந்த செய்முறை

முதல் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை ஏற்று, வளர்த்து விளையாடும் கேம்) செய்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஸ்டாட்களோடு, அதாவது கேரக்டரின் திறனைக் காட்டும் எண்களோடு, ஆரம்பிப்பார்கள். அவ்வளவு வேண்டாம். வலிமை, உடல்திடம், சுறுசுறுப்பு, அறிவு என்று நான்கு போதும்.

படி 1: ஒரு ஸ்டாட்டுக்கு ஒரு வரி

ஒரு பாயிண்ட் போட்டால் விளையாடுபவருக்கு என்ன கூடும் என்பதை ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வராத ஸ்டாட்டை அப்போதே தூக்கிவிடுங்கள், ஏனென்றால் திரையிலும் அதை விளக்க முடியாது. டார்க் சோல்ஸ் 2 (2014) கேமில், உருண்டு தப்பிக்கும்போது அடிபடாமல் இருக்கும் நேரத்தை அடாப்டபிலிட்டி என்ற ஸ்டாட் கூட்டும். லெவல்-அப் திரையைப் பார்த்து இதைப் புரிந்துகொள்வது கடினம். அதனால் அதில் பாயிண்ட் போடாதவர்கள் சரியான நேரத்தில் உருண்டும் அடி வாங்கினார்கள்.

படி 2: புரோகிராம் எழுதும் முன் ஸ்ப்ரெட்ஷீட்

இரண்டு சூத்திரங்களோடு தொடங்கலாம் (இதில் அடி என்பது ஒருமுறை அடித்தால் எதிரிக்குக் குறையும் உயிர்):

உயிர் = 50 + (உடல்திடம் × 10)
அடி = 10 + (வலிமை × 2)

எல்லா ஸ்டாட்டும் 10இல் தொடங்கட்டும், ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் 3 பாயிண்ட். 10ஆம் லெவலுக்கு வரும்போது 27 பாயிண்ட் சேர்ந்திருக்கும். எதிரிக்கு உயிர் 600, அடி 25. முதல் அடி நம்முடையது. இப்போது மூன்று வீரர்களை மோதவிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வலிமையில் போட்டவருக்கு அடி 84, உயிர் 150. எதிரியை வீழ்த்த 8 முறை அடிக்க வேண்டும், ஆனால் எதிரியின் 6ஆவது அடியிலேயே அவர் காலி. எல்லாம் உடல்திடத்தில் என்றால் உயிர் 420, அடி 30. வீழ்த்த 20 முறை அடிக்க வேண்டும், எதிரியின் 17ஆவது அடியில் இவரும் விழுகிறார். வலிமைக்கு 14, உடல்திடத்துக்கு 13 என்று பிரித்தவர் மட்டும் (அடி 58, உயிர் 280) 11ஆவது அடியில் ஜெயிக்கிறார், 30 உயிர் மிச்சம்.

காரணம் எளிது. சண்டையில் ஒருவரின் பலம் என்பது அடியையும் உயிரையும் பெருக்கி வருவது, அந்தப் பெருக்கல் சரிபாதியாகப் பிரிக்கும்போதுதான் உச்சத்துக்குப் போகும். இதை இப்படியே விட்டால் எல்லோரும் ஒரே மாதிரி வீரனைத்தான் செய்வார்கள்.

படி 3: எல்லாவற்றையும் ஒரே ஸ்டாட்டில் போடுபவருக்குப் பரிசு

வலிமை 30ஐத் தொட்டால் கனமான ஆயுதம், அடிக்கு +16. முதல் வீரரின் அடி 100 ஆகிறது. 6ஆவது அடியில் முடித்துவிடுகிறார், 25 உயிர் மிச்சம். உடல்திடம் 30ஐத் தொட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் 5 உயிர் மீளும். இரண்டாமவர் 20ஆவது அடியில் 40 உயிரோடு ஜெயிக்கிறார். மூன்று வழியும் தேறிவிட்டது. ஆனால் ஒரு சாதாரண எதிரிக்கு 20 சுற்று என்பது சலிப்பு. அந்த வீரருக்கு உயிர் மீள்வதற்குப் பதில், வாங்கும் அடியில் ஒரு பங்கை எதிரிக்கே திருப்பிவிடும் திறன் கொடுப்பது நல்லது. தாங்குகிறவர் சண்டையை முடிக்கவும் முடிய வேண்டும்.

படி 4: கவசமும் தப்பித்தலும்

அடியிலிருந்து கவசத்தை அப்படியே கழிக்காதீர்கள். அடி 30, கவசம் 25 என்றால் சேதம் 5. கவசம் இன்னும் 5 கூடினால் சேதமே இல்லை, அடி 5 கூடினால் சேதம் இரட்டிப்பு. இதைப் பயன்படுத்துங்கள்:

சேதம் = அடி × 100 ÷ (100 + கவசம்)

கவசம் 100இல் பாதி அடி, 200இல் மூன்றில் ஒரு பங்கு.

பாயிண்டுக்கு 1% தப்பித்தல் என்று சுறுசுறுப்பை வைத்தால் இன்னொரு சிக்கல். 0இலிருந்து 10% ஆனால் நூறு அடியில் பத்து குறையும். 80இலிருந்து 90% ஆனால் படும் அடியே பாதியாகிவிடும். 40% என்று உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

படி 5: லெவல்-அப் திரை

கூட்டல் பட்டனுக்குப் பக்கத்திலேயே "அடி 58 → 60" என்று பழையதும் புதியதும் தெரிய வேண்டும். எண் ஒரு மூலையிலும் பட்டன் இன்னொரு மூலையிலும் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. "உறுதிசெய்" அழுத்தும்வரை எதையும் சேமிக்காதீர்கள், கழித்தல் பட்டனும் வேலை செய்யட்டும். ஏற்றத்தைப் பச்சையாலும் இறக்கத்தைச் சிவப்பாலும் மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், ▲ ▼ குறிகளையும் சேருங்கள். போனில் மவுஸ் இல்லை, எனவே விளக்கம் தொட்டால் திறக்க வேண்டும்.

பலன் தேயும் இடத்தையும் மறைக்காதீர்கள். எல்டன் ரிங் கேமில், உயிரைக் கூட்டும் விகர் என்ற ஸ்டாட் 40இல் உயிர் 1450, 60இல் 1900, 99இல் 2100. அதாவது 20 பாயிண்டுக்கு 450 கிடைத்தது, அடுத்த 39 பாயிண்டுக்கு வெறும் 200. உங்கள் கேமிலும் இப்படி வைத்தால் "30க்கு மேல் பாயிண்டுக்கு +5 மட்டும்" என்று அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

கேம் தமிழிலும் வருகிறதென்றால் எழுத்தை முதல் வாரமே சோதியுங்கள். கேம் செய்ய உதவும் கோடோ (Godot) மென்பொருளின் 3ஆம் பதிப்பில் "கொ", "கெ" போன்றவற்றின் கொம்பு இடம் மாறி உடைந்து வரும். கோடோ 4இல், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைச் சேர்த்தால் சரியாக வரும். "சுறுசுறுப்பு" அளவுக்கு நீளும் பெயர்களுக்கு அகலத்தை எண்ணில் நிர்ணயிக்காமல், அவை இருக்கும் பெட்டி (கன்டெய்னர்) தானாக விரியும்படி விடுங்கள். இரண்டு இலக்கம் மூன்றாகும்போது வரிசை ஆடாமலிருக்க எண்களை வலப்பக்கம் ஒட்டி அடுக்குங்கள்.