ஜாஸ் மெசஞ்சர்ஸை எங்க ஆரம்பிச்சு எப்படி கேக்குறது

ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் மெசஞ்சர்ஸ்ல வந்து போனவங்க லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணப் பாத்தீங்கன்னா தலை சுத்திரும். 50கள்ல ஆரம்பிச்சு 1990 வரைக்கும் ஓடின அமெரிக்க ஜாஸ் பேண்டு, ட்ரம்ஸ்ல உக்காந்த பிளேக்கி மட்டும்தான் கடைசி வரை அதே ஆளு, மத்த சீட்டெல்லாம் டவுன் பஸ் மாதிரி ஒருத்தர் எறங்க ஒருத்தர் ஏறன்னு போய்ட்டே இருக்கும். அதனால பேரை விட்ருங்க. அந்த நேரத்துல பேண்டுக்கு ட்யூன் எழுதினது யாருன்னு மட்டும் பாருங்க. பிளேக்கி பெருசா எழுதுற ஆளு இல்ல, கூட இருக்குற பசங்களை எழுத விட்டு அதை வாசிக்கிற ஆளு, அதனால எழுதுற கை மாறினா பேண்டோட குணமே மாறிடும். ட்ரம்பெட் யாருங்குறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

மொதல்ல காதை தயார் பண்ணிக்கோங்க. போன் ஸ்பீக்கர் வேணாம், பாஸ் கேக்கவே கேக்காது, ஹெட்போன் மாட்டுங்க. பிளேக்கி கால்ல மூடுற ஹை-ஹேட் (ஒண்ணு மேல ஒண்ணா இருக்குற ரெண்டு உலோகத் தட்டு), நாலு நாலா தாளம் எண்ணினா 'சிக்'னு 2லயும் 4லயும் விழும். நாம பழக்கதோஷத்துல 1ல தட்டிருவோம், அங்கதான் பாதி பேருக்கு ஜாஸ் பிடிபடாம போகுது, ரெண்டு நிமிஷம் தொடைல 2, 4ன்னு தட்டிப் பழகுங்க. அடுத்தது பிரஸ் ரோல், அதாவது குச்சியை ஸ்நேர்ங்குற சின்ன ட்ரம்மோட தோல் மேல அழுத்தி உருட்டுறது. சின்னதா ஆரம்பிச்சு லாரி கிட்ட வர்ற மாதிரி பெருசாகும், அது வந்துச்சுன்னா பெரும்பாலும் சோலோ, அதாவது ஒருத்தர் முன்னாடி நின்னு தனியா வாசிக்கிறது, அடுத்த சுத்துக்குள்ள போகுதுன்னு அர்த்தம். இது ரெண்டும் பிடிபட்டா எந்த வருஷத்து லைன்-அப்பா இருந்தாலும் வழி தவறாது.

வரிசையா கேக்காதீங்க, 1958 அக்டோபர் 30ல ரெக்கார்ட் பண்ண 'மோனின்' ஆல்பத்துல ஆரம்பிங்க. லீ மோர்கன் ட்ரம்பெட், அப்ப வயசு 20தான். பென்னி கோல்சன் டெனர் சாக்ஸ், பாபி டிம்மன்ஸ் பியானோ, ஜிமி மெரிட் பாஸ், நாலு பேருமே ஃபிலடெல்ஃபியா ஆளுங்க. மொத பாட்டுல பியானோ ஒரு வரி கேக்கும், ஹார்ன் ரெண்டும் (ட்ரம்பெட்டும் சாக்ஸும்) சர்ச்ல ஆமென் சொல்ற மாதிரி பதில் சொல்லும். டிம்மன்ஸ் இதை ட்யூனுக்கு ட்யூன் நடுவுல சும்மா வாசிச்சிட்டு இருந்தவரு, இதுக்கு ஒரு நடுப்பகுதி எழுதுய்யான்னு அவரை உக்கார வச்சது கோல்சன். சோலோ வரிசை மோர்கன், கோல்சன், டிம்மன்ஸ், மெரிட். அதே ரெக்கார்டுல கோல்சன் எழுதின 'அலாங் கேம் பெட்டி' கேட்டா அந்த ஆளோட கை எவ்ளோ நறுவிசுன்னு தெரியும், முரட்டு ட்ரம்ஸ் மேல இவ்ளோ மெதுவான ட்யூன் எப்படி உக்காருதுன்னு நானே நாலஞ்சு தடவை திருப்பிப் போட்டிருக்கேன்.

அப்புறம் பின்னாடி போங்க, 1954 பிப்ரவரி, நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப் லைவ் ரெக்கார்டிங். கிளிஃபர்ட் பிரவுன் ட்ரம்பெட், லூ டொனால்ட்சன் ஆல்டோ சாக்ஸ், ஹோரஸ் சில்வர் பியானோ, கர்லி ரஸல் பாஸ். அட்டைல மெசஞ்சர்ஸ் பேரு இருக்காது, குவின்டெட்னுதான், அதாவது அஞ்சு பேர் பேண்டுன்னுதான் இருக்கும். ஆனா பிளேக்கி மேடையிலயே மைக்ல சொல்லிடுறாரு, நான் சின்னப் பசங்களோடதான் இருப்பேன், இவங்களுக்கு வயசாச்சுன்னா இன்னும் சின்னப் பசங்களைப் பிடிச்சுக்குவேன்னு. அடுத்த முப்பத்தாறு வருஷமும் அதைத்தான் பண்ணாரு. பிரவுன் 1956ல கார் விபத்துல போய்ட்டாரு, வயசு 25.

இங்க ஒரு குழப்பம் வரும். 1954 கடைசியிலயும் 1955 ஆரம்பத்துலயும் பண்ண ரெக்கார்டிங் சில்வர் பேர்லயே இருக்கும், ட்ரம்பெட் கெனி டோர்ஹாம், டெனர் சாக்ஸ் ஹேங்க் மோப்லி, பாஸ் டக் வாட்கின்ஸ் கூட. ட்யூன் பெரும்பாலும் சில்வர் எழுதினது. 1956ல சில்வர் பிரிஞ்சு தனி குவின்டெட் ஆரம்பிச்சாரு, ஜாஸ் மெசஞ்சர்ஸ்ங்குற பேரு பிளேக்கிகிட்டயே தங்கிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஜாக்கி மக்லீன், ஜானி கிரிஃபின் மாதிரி சாக்ஸ் ஆளுங்கல்லாம் வந்து போனாங்க, மொத ரவுண்டுல இதைத் தாண்டிப் போங்க தப்பில்ல.

நேரம் செலவழிக்க வேண்டியது 1959ல இருந்து 1964 வரை, டெனர் சாக்ஸ் வெய்ன் ஷார்ட்டர் காலம். கோல்சன் போன கொஞ்ச நாள்லயே இவரு வந்தாரு, எழுதுறதும் இவர் கைக்குப் போச்சு, ட்யூன் கோணலா போக ஆரம்பிச்சது, எங்க முடியும்னு நீங்க நினைக்கிறீங்களோ அங்க முடியாது. 1961ல ட்ராம்போன்ல கர்ட்டிஸ் ஃபுல்லர் சேர்ந்து ஆறு பேர் ஆச்சு, ஃப்ரெடி ஹப்பர்ட் ட்ரம்பெட், சீடர் வால்டன் பியானோ. 'மோனின்'ல ரெண்டு ஹார்ன், இந்த ஆறு பேர் பண்ண 'மொசைக்' ஆல்பத்துல மூணு, அடுத்தடுத்து போட்டு ஹார்ன் சேர்ந்து வாசிக்கிற இடத்தை மட்டும் கேளுங்க, சின்ன பேண்டு திடீர்னு பெரிய பேண்டு ஆன மாதிரி இருக்கும். கடைசியா 1964 பிப்ரவரில பண்ண 'ஃப்ரீ ஃபார் ஆல்' ஆல்பம். டைட்டில் ட்யூன் 11 நிமிஷம், ஷார்ட்டர் சோலோவுக்குப் பின்னாடி பிளேக்கி அடிக்கிற அடில சவுண்டைக் கொறைக்கத் தோணும், கொறைக்காதீங்க. அதே வருஷம் ஷார்ட்டர் ட்ரம்பெட் ஆளு மைல்ஸ் டேவிஸோட பேண்டுக்குப் போய்ட்டாரு.

பாட்டு கேக்குற ஆப்ல காட்டுற வருஷத்தை நம்பாதீங்க, அது பல தடவை ரிலீஸ் வருஷம். 'லைக் சம்ஒன் இன் லவ்' ரெக்கார்ட் ஆனது 1960, வெளிய வந்தது 1967. இது தெரியாம நான் ஷார்ட்டர் திரும்ப பேண்டுக்கு வந்தாருன்னு நோட்டுல எழுதி வச்சு, ஒரு நண்பர்கிட்ட அடிச்சுப் பேசியும் தொலைச்சேன். 'மோனின்'கூட மொதல்ல பேண்டு பேர்லதான் வந்துச்சு, அட்டையைப் பாத்து வேற ஆல்பம்னு ரெண்டாவது வாங்கிடாதீங்க.

70கள்ல இருந்து ஆல்டோ சாக்ஸ் பாபி வாட்சன் ட்யூன்களைப் பிடிச்சுக்கோங்க, 1977ல இருந்து 1981 வரை அவர்தான் தூண். 1980ல ட்ரம்பெட் விண்டன் மார்சாலிஸ் உள்ள வரும்போது 18 வயசு, 1982ல அவரு கெளம்ப ட்ரம்பெட் டெரன்ஸ் பிளான்சர்ட், ஆல்டோ சாக்ஸ் டொனால்ட் ஹாரிசன் வந்தாங்க. மூணு பேரும் நியூ ஆர்லியன்ஸ் ஆளுங்க.

இதெல்லாம் பழகினப்புறம் 1966 ஜனவரில கலிஃபோர்னியா லைட்ஹவுஸ் கிளப்ல எடுத்த 'பட்டர்கார்ன் லேடி'யைப் போடுங்க. பியானோல 20 வயசு கீத் ஜாரெட், சில மாசம்தான் இருந்தாரு. அந்தப் பையன் பியானோவை எங்கெங்கயோ இழுத்துட்டுப் போவாரு, நீங்க 2லயும் 4லயும் தட்டிட்டே இருங்க, கீழ அந்த 'சிக்' அதே இடத்துல விழுந்துட்டு இருக்கும்.